தாமதமாய் வந்த வண்டி

முப்பத்தாறு ஆண்டுகள் இரயில்வேயில் பணிபுரிந்து, நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். வண்டிகளை வழியனுப்புவதே என் தொழில். வண்டியில் ஏறி ஊர் பார்ப்பது எனக்கு அபூர்வமாகவே வாய்த்தது. பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி நடைமேடையைக் கடக்கும்வரை நின்று, பிறகு அறைக்குத் திரும்பிப் பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பவனுக்கு, அந்த வண்டி போய்ச் சேரும் ஊர்கள் எல்லாம் வெறும் பெயர்களே. அப்படிப்பட்ட எனக்கு, எழுபத்து மூன்றாம் வயதில், இங்கிலாந்தின் பழம்பெரும் நகரங்கள் இரண்டை ஒரே நாளில் இரயிலில் சென்று காணும் பேறு கிட்டியது. அந்த நாளைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் பேராலயங்களைப் பற்றி மட்டும் எழுதி எழுந்துவிட என் மனச்சான்று இடம் தரவில்லை. எனவே, சொல்ல வேண்டியதை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே மகன் லீட்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறான். அவன் 2019ஆம் ஆண்டு நாசரேத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தியை மணந்தான். நாசரேத்து என்றதும் எங்கள் மாவட்டத்து வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். பெண் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். நாங்களோ தலைமுறை தலைமுறையாக ஆர்.சி. அவர்கள் 'ஜெபம்' என்பார்கள், நாங்கள் 'செபம்' என்போம். அவர்களுக்குச் 'சுவிசேஷம்', எங்களுக்கு 'நற்செய்தி'. ஓர் எழுத்தில், ஒரு சொல்லில் தொடங்கும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவார்கள். சில ஊர்களில் கிணறுகூட வேறாக இருந்தது. மகன் ஆயரின் அனுமதியை முறைப்படி பெற்றிருந்தான். திருச்சபைச் சட்டத்திற்கு அது போதும். எனக்குப் போதவில்லை. திருமணத்தன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். என் மனைவி தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேருந்தில் போய் வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

2022இல் அவள் இறைவனடி சேர்ந்தாள். அடக்கத்திற்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். அப்போதும் மருமகளோடு நான் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னர் மகன் வற்புறுத்தி அழைக்க, 2025ஆம் ஆண்டு மே மாதம் லீட்ஸ் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தில் யார்க்குக்கும் டர்ஹாமுக்கும் போய்வர ஏற்பாடாயிற்று. முதல்நாள் இரவு மகனுக்குத் திடீரென்று வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. டிக்கெட் எடுத்தாச்சு, வீணாக வேண்டாம்" என்றாள் மருமகள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா?

லீட்ஸிலிருந்து யார்க் அரைமணி நேரத்திற்கும் குறைவான பயணம். எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து, இருவரும் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். யார்க் நிலையத்தில் இறங்கியதும் என்னை மறந்து நின்றுவிட்டேன். 1877இல் திறக்கப்பட்ட நிலையம் அது. இரும்புத் தூண்களும் கண்ணாடியும் கொண்ட அதன் கூரை, தண்டவாளத்தின் வளைவோடு தானும் வளைந்து செல்கிறது. ஒரு கோவிலின் நடுக்கூடத்தை யாரோ மெல்ல வளைத்து வைத்தது போல இருந்தது. "மாமா, நீங்க முதல்ல பார்த்த கோயில் இதுதான்" என்று சிரித்தாள் மருமகள். நான் சிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நிலையத்திற்கு அருகிலேயே, பழைய நகர மதிலின் மிக்கிள்கேட் வாயிலுக்கு வெளியே, பார் கன்னியர் மடம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலி சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1686இல், மேரி வார்டு அம்மையாரின் சகோதரிகள் தொடங்கிய மடம் அது. அதன் சிற்றாலயம் 1769இல் கட்டி முடிக்கப்பட்டது. அழகிய குவிமாடம் உண்டு. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. சாதாரண ஓட்டுக்கூரை ஒன்றின் கீழ் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆபத்து வந்தால் தப்பிச் செல்ல எட்டு வழிகள். இந்த மடத்துப் பள்ளியில் படித்து, இங்கேயே துறவறப் பயிற்சியும் பெற்ற தெரசா பால் என்ற அயர்லாந்துப் பெண்மணிதான், தம் நாடு திரும்பி லொரேட்டோ சகோதரிகளின் சபையைத் தொடங்கியவர். அந்தச் சபையில் 1928இல் சேர்ந்து கொல்கத்தா வந்த இளம்பெண்ணே பின்னாளில் நம் அன்னை தெரசா. மறைத்துக் கட்டப்பட்ட ஒரு கூரையின் கீழிருந்து கொல்கத்தாவின் சேரிவரை நீண்ட அந்தப் பாதையை நினைத்து வியந்தேன்.

ஊஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து 'ஷாம்பிள்ஸ்' என்னும் சந்துக்குச் சென்றோம். இடைக்காலத்தில் இறைச்சிக் கடைக்காரர்களின் தெரு அது. இருபுறத்து மரவீடுகளின் மேல்தளங்கள் முன்னோக்கிச் சாய்ந்து, ஒன்றோடொன்று இரகசியம் பேசுவது போல நெருங்கி நிற்கின்றன. இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகளைச் சில கடைகளின் முகப்பில் இன்றும் காணலாம். அங்கே ஒரு சிறு வீடு புனித மார்கரெட் கிளித்ரோவின் திருத்தலமாக விளங்குகிறது.

மார்கரெட் அதே தெருவில் வாழ்ந்த இறைச்சி வணிகரின் மனைவி. 1574ஆம் ஆண்டளவில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். தலைமறைவாகத் திரிந்த குருக்களுக்குத் தம் வீட்டில் இடம் தந்தார். திருப்பலி நடக்கச் செய்தார். பிடிபட்டபோது, நீதிமன்றத்தில் 'குற்றவாளி' என்றோ 'குற்றவாளி அல்ல' என்றோ சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் விசாரணை நடக்கும். தம் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் தமக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரும். அந்தப் பாவம் அவர்கள்மேல் விழ வேண்டாம் என்று எண்ணினார். மறுப்பவர்க்கு அன்றைய சட்டம் விதித்த தண்டனை, பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்வது. 1586 மார்ச் 25, ஒரு வெள்ளிக்கிழமையன்று, முதுகின்கீழ் ஒரு கல்லை வைத்து, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாறைகளை ஏற்றினார்கள். நாங்கள் சற்று முன் கடந்து வந்த ஊஸ் பாலத்தின் அருகில்தான் அது நடந்தது. அவருடைய மகன்கள் இருவர் பின்னர் குருக்களாயினர். மகள் துறவி ஆனாள். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்தச் சிறு அறையில் மண்டியிட்டேன். எழுந்தபோது மருமகள் பின் வரிசையில் கண்மூடி அமர்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "மாமா, அவங்க வீட்டுக்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டாள்.

அவர் கணவர் ஜான் கிளித்ரோ அரசாங்கத் திருச்சபையிலேயே இருந்தவர். மனைவியின் நம்பிக்கையை அவர் பகிரவில்லை. ஆனால் அவள் ஆராதனைக்கு வராததற்காக விதிக்கப்பட்ட அபராதங்களை எல்லாம் கட்டினார். அவள் சாவுத் தண்டனையைக் கேட்டுக் கதறி அழுதார் என்று வரலாறு சொல்கிறது. அவளும் இறக்கும் முன், குடும்பத் தலைவர் அவரே என்பதற்கு அடையாளமாகத் தன் தொப்பியை அவருக்கு அனுப்பிவைத்தாளாம். இதை எல்லாம் நான் சொல்லி முடித்தபோது, மருமகள், "அப்போ ஒரே வீட்டுக்குள்ளே ரெண்டு சபையும் இருந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்தச் சுருக்கை மறைக்கவோ என்னவோ, யார்க் பேராலயத்திற்குள் நுழைந்ததும் நான் பேசத் தொடங்கிவிட்டேன். ஏறத்தாழ 1220இல் தொடங்கி 1472வரை இரண்டரை நூற்றாண்டுகள் கட்டப்பட்ட ஆலயம் அது. கிழக்குச் சுவர் முழுவதும் ஒரே சாளரம். 1405 முதல் 1408வரை ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரின் பட்டறை அதைச் செய்தது. ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்பில், உலகப் படைப்பு தொடங்கித் திருவெளிப்பாட்டு நூலின் இறுதிக் காட்சிகள்வரை முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடிச் சட்டங்கள். எழுத்தறியாத உழவனும் அண்ணாந்து பார்த்தே விவிலியத்தைப் படித்துவிடலாம். "இதெல்லாம் நம்மவர்கள் கட்டியது. பூசை நடந்த கோயில். பிறகு பறித்துக்கொண்டார்கள்" என்றேன். 'நம்மவர்கள்' என்பதில் அவள் இல்லை என்பதைக் குரலிலேயே உணர்த்தினேன். மறைசாட்சிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "எங்க ஓய்வுநாள் பள்ளியிலும் ஒரு பட்டியல் சொல்லித் தந்தாங்க மாமா. லாட்டிமர், ரிட்லி, கிரான்மர். ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரிச்சாங்களாம்" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். அவள் சொன்னது உண்மை. 1555இலும் 1556இலும் நடந்தது அது. அரசி மேரியின் காலத்தில், நம் மறையின் பெயரால், ஏறத்தாழ இருநூற்றெண்பது பேர் தீயிலிடப்பட்டனர். நான் ஒரு பட்டியலோடு வளர்ந்தேன். அவள் மற்றொரு பட்டியலோடு வளர்ந்தாள். இரண்டு பட்டியல்களிலும் இருந்தவர்கள் ஒரே ஆண்டவரின் பெயரைச் சொல்லியே உயிர் விட்டார்கள்.

தெற்குக் குறுக்குக் கூடத்தில், மேலே ஒரு வட்டச் சாளரம் ரோசா மலர் வடிவில் ஒளிர்ந்தது. 1984 ஜூலை 9ஆம் நாள் அதிகாலை, அந்தப் பகுதியின் கூரை தீப்பற்றி எரிந்து விழுந்தது. மின்னலே காரணமாயிருக்கலாம் என்றார்கள். வெப்பத்தால் அந்தச் சாளரத்தின் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கான இடங்களில் விரிசல் கண்டன. ஆனால் உதிரவில்லை, ஈயச் சட்டங்கள் தாங்கிக்கொண்டன. விரிசல்களைச் செப்பனிட்டு மீண்டும் ஒளியேற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவாறே இருவரும் வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

நண்பகலில் டர்ஹாம் வண்டி. இங்கிலாந்தின் கிழக்குக்கரை முதன்மைப் பாதையில் வண்டிகள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. பசும்புல்வெளிகளும் செம்மறிக் கூட்டங்களும் பின்னோக்கி ஓடின. டார்லிங்டன் நிலையம் வந்தபோது, என் மௌனத்தை என்னாலேயே தாங்க முடியவில்லை. இரயில்வேக்காரனுக்கு அது புண்ணிய பூமி அல்லவா? 1825 செப்டம்பர் 27 அன்று, ஜார்ஜ் ஸ்டீவன்சன் செய்த நீராவி எஞ்சின், ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் மக்களையும் நிலக்கரியையும் இழுத்துச் சென்றது. அவர் கையாண்ட அளவே, சிறு மாற்றத்துடன், இன்று உலகின் பெரும்பகுதியில் 1,435 மில்லிமீட்டர் தண்டவாள அகலமாக நிலைபெற்றிருக்கிறது.

"அப்போ நம்ம ஊர்ல மட்டும் ஏன் மாமா மீட்டர் கேஜ், பிராட் கேஜ்னு ரெண்டு?" என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. 1981இல் நாகர்கோவிலிலிருந்து அகலப்பாதை திருநெல்வேலிக்கு வந்ததையும், சென்னைப் பாதை அப்போது மீட்டர் பாதையாகவே இருந்ததையும் சொன்னேன். ஒரு வண்டியில் வந்தவர்கள், பெட்டி படுக்கைகளைத் தலையில் சுமந்து மறு வண்டிக்கு ஓடுவார்கள். கைக்குழந்தையோடு ஓடும் தாய்மாரைப் பார்க்கப் பாவமாய் இருக்கும். "இரண்டும் இரயில்தான், இரண்டும் போவது ஒரு திசைதான். பாதையின் அகலம் மட்டும் வேறு. அதற்காக மனிதர்கள்தாம் இறங்கி ஏற வேண்டியிருந்தது" என்றேன். சொல்லி முடித்த பிறகே, என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

டர்ஹாமை இரயிலிலிருந்து முதன்முதலில் காண்பவன் அதை மறக்க மாட்டான். 1857இல் கட்டப்பட்ட உயர்ந்த கற்பாலத்தின்மேல் வண்டி மெதுவாகச் செல்ல, கீழே நகரம். எதிரே குன்றின்மேல் கோட்டையும் பேராலயமும். வியர் ஆறு குன்றை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. நிலையத்திலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்குச் சென்றோம். மணி இரண்டாகப் போகிறது. மர இருக்கை ஒன்றில் அமர்ந்து, அவள் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளிச்சோறு, காணத் துவையல்.

முதல் கவளத்திலேயே என் கை நின்றுவிட்டது. புளிக்காய்ச்சலில் ஒரு துளி கருப்பட்டி கரைத்து விடுவது என் மனைவியின் வழக்கம். அவள் தாயிடம் கற்றது. எங்கள் ஊரில் வேறு எவரும் செய்வதில்லை. மூன்று ஆண்டுகளாக நான் மறந்திருந்த சுவை, அயல்நாட்டு ஆற்றங்கரையில் என் நாவில் வந்து நின்றது.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?"

"அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன்ல பேசுவாங்கல்ல."

"எந்த ஞாயிற்றுக்கிழமை?"

"எல்லா ஞாயிறும் மாமா. நீங்க கோயிலுக்குப் போன பிறகு."

எங்கள் பங்கில் ஞாயிறு மாலை செபமாலையும் நற்கருணை ஆசீரும் உண்டு. நான் ஒருநாளும் தவறியதில்லை. மனைவி மூட்டுவலி என்று வீட்டில் இருந்துகொள்வாள். மூன்று ஆண்டுகள், வாரம் தவறாமல், நான் பீடத்தின்முன் மண்டியிட்டிருந்த அதே நேரத்தில், அவள் தொலைபேசியை எடுத்து, நான் உடைத்ததை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நான் தடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். இருவரில் யாருடைய வழிபாட்டை ஆண்டவர் ஏற்றிருப்பார் என்ற கேள்வி என்னைச் சோறு உண்ண விடவில்லை. ஆயினும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டேன்.

டர்ஹாம் பேராலயம் 1093இல் தொடங்கப்பட்டு, பெரும்பகுதி 1133க்குள் முடிந்தது. யார்க் ஒளியாலான ஆலயம் என்றால் இது கல்லின் வலிமையாலான ஆலயம். நடுக்கூடத்துப் பெருந்தூண்களில் கோணல்கோடுகளும் சாய்சதுரங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வடக்கு வாயிற்கதவில் ஒரு விலங்கின் முகம் கொண்ட வெண்கல வளையம். குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தவன் அதைப் பற்றித் தட்டினால், துறவிகள் உள்ளே சேர்த்து முப்பத்தேழு நாள் அடைக்கலம் தருவார்கள். இன்று கதவில் இருப்பது படி. மூலம் உள்ளே காட்சியில் இருக்கிறது. படியானால் என்ன என்று நானும் அதைத் தொட்டுப் பார்த்தேன். தொடும்போது யாரை நினைத்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உள்ளே, தரையில் கருங்கல் கோடு ஒன்று. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. மருமகள் அந்தக் கோட்டின்மேல் ஒரு கணம் நின்று, புன்னகைத்து, தாண்டி நடந்தாள்.

மேற்குக் கோடியிலுள்ள சிற்றாலயத்தில் வணக்கத்துக்குரிய பீடு அடங்கியிருக்கிறார். 735இல் இறந்தவர். ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை 731இல் எழுதி முடித்தவர்; கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டுகளைக் கணக்கிடும் முறை பரவக் காரணமானவர். இறக்கும் தறுவாயிலும் யோவான் நற்செய்தியைத் தம் மக்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய மாணவர் எழுதியிருக்கிறார். மக்கள் மொழியில் மறைநூல் என்பது ஏதோ பிற சபையாரின் வழக்கம் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே படுத்திருப்பவரோ நம் திருச்சபையின் மறைவல்லுநர்! நம் நாட்டிலும் 1995இல் இரு சபையாரும் இணைந்து உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்ததே. என் வீட்டு மேசையில் இருப்பதும் அதுதானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

உயர்பீடத்தின் பின்னால் புனித கத்பர்ட்டின் கல்லறை. 687இல் இறந்த துறவி ஆயர். வைக்கிங் கடற்கொள்ளையர்க்கு அஞ்சி 875இல் லிண்டிஸ்பார்ன் தீவை விட்டு வெளியேறிய துறவிகள், அவர் பேழையைச் சுமந்து ஊர் ஊராக அலைந்தார்கள். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேறோர் ஊரில் வைத்திருந்து, இறுதியில் 995இல் இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள். பொன்னும் மணியும் இழைத்திருந்த திருப்பேழைப் பீடம் எட்டாம் ஹென்றியின் ஆட்களால் உடைக்கப்பட்டது. இன்று வெறும் கற்பலகை. அதன்மேல் பெயர் மட்டும். ஆனால் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. மடம் கலைக்கப்பட்டபோது அதன் கடைசித் தலைவராயிருந்த ஹியூ ஒயிட்ஹெட் என்பவரே, புதிய அமைப்பில் பேராலயத்தின் முதல் தலைமைக் குருவானார். துறவிகள் சிலரும் அங்கேயே தொடர்ந்தார்கள். பாதையின் அகலத்தை அரசன் மாற்றினான்; மனிதர்கள் அதே நடைமேடையில்தான் நின்றிருந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்பதா, புனிதரின் கல்லறையை விட்டு அகல மனமில்லாதவர்கள் என்பதா? தீர்ப்புச் சொல்ல நான் யார்?

மாலை வழிபாட்டுக்கு மணி அடித்தது. "இருந்துட்டுப் போலாமா மாமா?" என்று தயங்கிக் கேட்டாள். என் சிறுவயதில், பிற சபையார் கோயிலில் வழிபாட்டுக்கு இருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும் என்று உபதேசியார் கற்பித்திருந்தார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 1982 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்நாட்டுக்கு வந்து, காண்டர்பரியில் ஆங்கிலிக்கப் பேராயரோடு அருகருகே மண்டியிட்டார். அடுத்த இரண்டாம் நாள் யார்க்கிலும் மக்களைச் சந்தித்தார். அந்தப் படத்தை நாளிதழில் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன் நான். அன்று புரட்டிய பக்கத்துக்கு இப்போது திரும்பி வந்தேன். "இருப்போம் அம்மா" என்றேன். அவளை நான் 'அம்மா' என்று அழைத்தது அதுவே முதல் முறை.

பாடகர் வரிசையில், மர இருக்கைகளில் அமர்த்தினார்கள். சிறார் குரல்கள் எழுந்தன. அவர்கள் பாடியது என்ன தெரியுமா? மரியாவின் பாடல்! அதன்பின் முதியவர் சிமியோனின் பாடல். நம் மாலைப் புகழையும் இரவு மன்றாட்டையும் இணைத்து 1549இல் கிரான்மர் அமைத்த ஒழுங்கு அது என்றும், மாலைதோறும் இப்படித்தான் பாடுவார்கள் என்றும் மருமகள் பின்னர் விளக்கினாள். தாயை மறந்தவர்கள் என்று நாங்கள் சொல்லிவந்தவர்கள், நாள்தோறும் அந்தத் தாயின் சொற்களைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தீயில் மாண்ட கிரான்மர் கோத்துவைத்த சொற்கள், கல்லின்கீழ் மாண்ட மார்கரெட்டும் அறிந்திருந்த சொற்கள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

ஏழு மணி வண்டிக்கு நிலையம் ஏறினோம். வண்டி இரத்து என்று அறிவித்தார்கள். அடுத்ததும் தாமதம், பிறகு மேலும் தாமதம். முப்பத்தாறு ஆண்டுகள் பிறரிடம் "வண்டி தாமதம்" என்று சொன்னவன், முதன்முறையாகக் கேட்கும் இடத்தில் அமர்ந்திருந்தேன். மே மாதத்து வெயில் அங்கே இரவு ஒன்பதுவரை நீடிக்கிறது. எதிரே பேராலயக் கோபுரங்கள் பொன்னிறமாகி, மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தன. குளிர் ஏறியது. அவள் தன் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினாள்.

"அம்மா," என்றேன், "உங்கள் கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் இல்லை."

"தெரியும் மாமா. அத்தை அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாள்?"

அவள் சற்றுத் தயங்கினாள். "'உன் மாமா வருவாரு, ஆனா லேட்டாத்தான் வருவாரு. ரயில்வேக்காரருல்லா! நீ மட்டும் பிளாட்பாரத்தை விட்டுப் போயிராத'ன்னு சொன்னாங்க."

நான் முகத்தைச் சால்வையில் மறைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எண்ணி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வெளியே வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, தூரத்தில் வண்டியின் விளக்கு தெரிந்தது. "வந்துட்டு மாமா" என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

லீட்ஸ் வந்து சேர நள்ளிரவை நெருங்கிவிட்டது. நிலையத்தில் காத்திருந்த மகன், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. தாயின் பிள்ளை. அன்றிரவு படுக்கப் போகுமுன் மூவரும் ஒன்றாக மன்றாடினோம். அவள் தன் வழக்கப்படி சொந்தச் சொற்களில் ஜெபித்தாள். நான் என் வழக்கப்படி செபமாலையில் ஒரு பத்து சொன்னேன். அவள் அதில் பதில் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அமைதியாக உடனிருந்தாள். அதுவே போதுமானதாயிருந்தது.

இரண்டு சபைகளும் ஒன்றாகிவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்வதில்லை. அந்த வலி உண்மையானது, அதை மூடி மறைக்க எனக்கு உரிமையில்லை. பெரியோர்கள் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை பல உண்டு. ஆனால் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொள்ளச் சொல்லி எந்தத் திருச்சபையும் என்னைக் கேட்கவில்லை. அது என் சொந்தக் கணக்கு. அதை ஊர் திரும்பிய வாரமே பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைத்தேன்.

இப்போதும் ஞாயிறு மாலை நற்கருணை ஆசீருக்குத் தவறாமல் செல்கிறேன். முடிந்ததும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளும் பழைய வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. விரைந்து வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. லீட்ஸில் அப்போது மதிய வேளை. மருமகள் தொலைபேசிக்காகக் காத்திருப்பாள்.